மாத்தாளுக்கு வந்த வெயில்

எங்கள் தெருவில் விழுப்புரத்து வெயிலைத் திட்டாத ஆள் நான் ஒருத்திதான். பங்குனி பிறந்ததும் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள். நான் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பேன். எதிர்வீட்டுப் பூமாலை அக்கா என் மாமியாரிடமே கேட்டுவிட்டாள்: "உன் மருமவளுக்கு வெயிலு எதுனா தலைக்கு ஏறிக்கிச்சா?"

என் சிரிப்புக்குக் காரணம் மாடியில் இருக்கிறது. நாலு கிலோவாட் சோலார். நல்ல வெயில் நாளில் பதினாறு யூனிட் கொட்டும். போனில் ஒரு ஆப் இருக்கிறது. எந்த நிமிஷத்தில் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று அதில் பார்க்கலாம். சாம்பார் கொதிக்கிறதோ இல்லையோ, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் பெயர் ரோஜா. ஓர் ஆடிட்டருக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை செய்கிறேன். எதைப் பார்த்தாலும் பெருக்கி வகுக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. கூடவே மூக்குக்கு மேல் கோபம். இரண்டும் அப்பா கொடுத்தவை. அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்பா பாண்டுரங்கன் திண்டிவனத்தில் இருக்கிறார். பச்சைமுத்து என்பவரின் டிராவல்ஸில் தலை நரைக்கும்வரை டிரைவராக இருந்துவிட்டு, போன தை மாதம்தான் கடன் போட்டுச் சொந்தமாக ஒரு கரண்ட் கார் வாங்கினார். விழுப்புரத்தில் வேலை பார்க்கும் நாலு பேர் மாதச் சவாரிக்குச் சேர்ந்தார்கள். காலையில் அவர்களைத் திண்டிவனத்திலிருந்து ஏற்றி வந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் இறக்குவார். சாயங்காலம் அதே நாலு பேரை ஏற்றிக்கொண்டு திரும்புவார். இடையில் பகல் முழுவதும் வண்டி விழுப்புரத்தில்தான் நிற்கும்.

ஷோரூமில் விற்றவன் பொய் சொல்லவில்லை. பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் தின்னும், இதை வீட்டுக் கரண்டில் சார்ஜ் போட்டால் ஒரு ரூபாயில் ஓடும் என்றான். உண்மைதான். ஆனால் அப்பா இருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் காரைப் பார்த்ததுமே, "இத நம்ம வூட்ல சொருவுற வேலை வேணாங்க, ஒயரு தாங்காது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் அப்பா தினமும் பைபாஸில் இருக்கும் சார்ஜிங் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே யூனிட் இருபத்திரண்டு ரூபாய். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் ஆகிவிட்டது.

ஒரு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் நடுவில் அப்பாவின் பிழைப்பு மாட்டிக்கொண்டது. நாலு பேர் கொடுப்பது மாதம் பதினெட்டாயிரம். வண்டித் தவணை பதினைந்தரை. சார்ஜுக்கு ஏழாயிரம். சுங்கச்சாவடி தனி. பகலில் கிடைக்கும் சில்லறைச் சவாரியில் வீட்டுச் செலவைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தார். அந்தக் காசையும் வண்டிதான் தின்றது. பச்சைமுத்து அதை மோப்பம் பிடித்து வந்தார்.

"வண்டிய எங்கிட்ட வுட்டுடு பாண்டு. மிச்சத் தவணைய நான் கட்டிக்கிறேன். நீயே ஓட்டு, மாசம் சம்பளம் வாங்கிக்கோ."

சொந்த வண்டிக்குச் சம்பள டிரைவர். சித்திரை பிறக்கட்டும் என்று அப்பா அவகாசம் கேட்டார். இதை அம்மா போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் நான் கணக்குப் போடுவேன்.

அப்படிப் போட்டபோதுதான் அது தெரிந்தது. சோலார் வைத்த கார்க்காரர்கள் பலருக்கு ஒரே தலைவலி. வெயில் அடிக்கும்போது கார் ஆபீஸில் நிற்கும், கார் வீட்டுக்கு வரும்போது வெயில் இருக்காது. அப்பாவுக்கோ தலைகீழ். வெயில் நேரத்தில் அவர் வண்டி எங்கே நிற்கிறது? விழுப்புரத்தில். விழுப்புரத்தில் மொட்டை மாடி யாரிடம் இருக்கிறது? என்னிடம். எழுந்து கூடத்தில் இரண்டு சுற்று நடந்தேன். உட்கார முடியவில்லை.

உடனே சோலார் போட இறங்கினேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோவாட் தாராளம். நான் நாலு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். என் கணவர் தென்னரசு, "ஊருக்கே கரண்ட் விக்கப் போறியா?" என்று சிரித்தார். மிச்சமாகும் கரண்டுக்கு மின்வாரியம் கொடுப்பது அற்பம் என்று அவருக்கும் தெரியும். மாமியார் அம்சவள்ளியின் கவலை வேறு. "மல்லாட்டைய எங்க காய வைக்கிறது?" என்றார். பேனலை ஆள் நிற்கும் உயரத்துக்குத் தூக்கி, அடியில் பாதி மாடியை அவர் வேர்க்கடலைக்கு விட்டுக் கொடுத்தேன். அரசாங்க மானியம் போக மீதியை என் சேமிப்பிலிருந்து போட்டேன். எதற்காக நாலு என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பாவை அசத்த வேண்டும் என்று ஆசை.

கரண்ட் வந்த அன்றைக்கே போன் போட்டேன்.

"அப்பா, நாளையிலேர்ந்து பைபாஸ் பக்கம் போவாத. வண்டிய நேரா நம்ம வூட்டுக்கு வுடு. நாலு மணி நேரம் சொருவி வச்சா அன்னிக்கு ஓட்டத்துக்கு ஆயிடும். ஏழாயிரம் மிச்சம்பா."



"நல்லா இரும்மா," என்றார். "ஆனா அது சரிப்படாது. பொண்ணு குடுத்த வூட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

கணக்கில் எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன், என் அப்பாவைத் தவிர. பெண் கொடுத்த வீட்டில் பேரப்பிள்ளை பிறக்கும்வரை கை நனைப்பதில்லை, அதாவது சாப்பிடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது யார் அதைப் பார்க்கிறார்கள்? என் அப்பா பார்க்கிறார். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். பேரப்பிள்ளை இன்னும் வரவில்லை. அது எங்கள் இரண்டு பேர் கவலை, ஊருக்கு அதில் வேலை இல்லை. இந்த நாலு வருஷத்தில் அப்பா என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. பழம் வாங்கி வருவார், வாசலில் நின்றபடி நலம் விசாரிப்பார், போய்விடுவார். நான் சமைத்ததை அவர் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று மட்டும் நான் கணக்குப் போடுவதில்லை.

"அப்பா, இது சோறு இல்ல. கரண்ட்டு. இதுல கை நனைச்சா ஆளு காலி."

"விளையாடாத ரோஜா. வண்டி என்னுது. அது குடிச்சா நான் குடிச்ச மாதிரிதான்."

இப்படி ஒரு சட்டத்தை எந்தக் கோர்ட்டில் படித்தாரோ. போனைப் படாரென்று வைத்தேன்.

மறுநாள் அவரே ஒரு வழி சொன்னார். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிடுகிறாராம். வாரியம் கொடுப்பதைவிட எங்களுக்கு லாபம், ஸ்டேஷனைவிட அவருக்கு லாபம். கணக்குப்படி அருமை. ஆசையாக மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சம்மந்தி கிட்ட காசு வாங்கிக்கினு கரண்ட் ஊத்துறதுக்கு நான் இன்னா பெட்ரோல் பங்க்கா வச்சிக்கினு இருக்கேன்? நாலு பேரு கேட்டா வெக்கக்கேடு. சும்மா போட்டுக்கினு போவச் சொல்லு, இல்லன்னா வேணாம்."

சும்மா என்றால் அப்பா வரமாட்டார். காசு என்றால் மாமியார் விடமாட்டார். மாடியில் பன்னிரண்டு யூனிட் தினமும் கம்பி வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பைபாஸில் என் அப்பா இருபத்திரண்டு ரூபாய் கொடுத்து அதையே வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு கணக்குக்காரிக்கு இதைவிடப் பெரிய பேஜாரு உண்டா? இரண்டு பெரிய மனிதர்கள் மேலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

சித்திரையும் பிறந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை பச்சைமுத்து பேப்பரோட வர்றாராம்," என்று அம்மா அழுதாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை. மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பஸ் ஏறி, இறங்கி, உள்ளே நடந்து, திரும்பி வருவதற்குள் பயிற்சி கொடுத்த காலே மறுபடி வீங்கிவிடும். அன்றைக்கும் வீங்கிய காலோடு வந்து உட்கார்ந்தார்.

"அப்பாவ கூப்ட்டா ஜல்தியா இட்டுக்கினு போய் இட்டுக்கினு வருவாரு அத்தை. ஒம்போது மணிக்கு ஆளுங்கள எறக்கிட்டு சும்மாதான் நிக்கிறாரு," என்றேன்.

"சம்மந்தி வண்டியில ஓசியில போறதா? நல்லா இருக்குது. அவரு காசும் வாங்க மாட்டாரு."

வெந்நீரை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அப்பா சொன்னதை அச்சு அசலாக இவர் சொல்கிறார். இரண்டு பக்கமும் ஒரே பிடிவாதம். அப்படியானால் இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துவிடலாமே.

மயிலம் பக்கத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. சின்ன வயதில் லீவுக்குப் போனால் பார்ப்பேன். மல்லாட்டை களை எடுக்கக் கூலி ஆளுக்குக் காசு இருக்காது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இன்றைக்கு நம் நிலத்தில் இறங்குவார்கள், நாளைக்கு நாம் அவர்கள் நிலத்தில் இறங்குவோம். யார் கொல்லையில் வேலையோ அவர்கள் வீட்டுக் கேப்பைக் கூழ்ப் பானை மத்தியானம் வரப்புக்கு வரும். காசும் கிடையாது, ஓசியும் கிடையாது. அதற்கு மாத்தாள் என்று பேர்.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, மாத்தாளுக்கு வர்றியா?"

"எங்க? எந்தக் கொல்லைக்கு?"

"விழுப்புரத்துக் கொல்லைக்கு. அத்தைய வாரம் மூணு நாளு முண்டியம்பாக்கம் இட்டுக்கினு போய் வரணும். நீ கூலி கேக்காத, நாங்களும் கேக்க மாட்டோம். உன் வண்டிக்கு எங்க மாடி வேலை செய்யும். எங்க காலுக்கு உன் வண்டி வேலை செய்யும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அது பத்தாதே," என்றார் கடைசியில். "மூணு நாளுதான் ஓட்டம், ஆறு நாளு சார்ஜி. ஒனக்கு நட்டம். கிருத்திகைக்கு அவங்கள மயிலம் கோயிலுக்கும் இட்டுக்கினு போறேன்."

மாமியாரிடம் சொன்னேன். கண் மின்னியது, ஆனால் வாய் ஒப்பவில்லை. "அய்ய, அது எனக்கு அதிகம். வண்டிய வாரத்துக்கு ஒருவாட்டி கழுவிக்கட்டும் இங்க. போர் தண்ணி இருக்குது."

அதற்கு அப்பா, "தண்ணி தனிக் கணக்கு" என்றார். அதற்கு மாமியார் ஒன்று சொன்னார். உலகத்தில் எல்லோரும் தனக்கு அதிகம் வேண்டும் என்று பேரம் பேசுவார்கள். இந்த இரண்டு பேரும் எதிராளிக்கு அதிகம் கொடுக்கச் சண்டை போட்டார்கள். நடுவில் நின்று போனை மாற்றி மாற்றிப் பிடித்த எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கடைசியில் வண்டி கழுவலுக்கு ஈடாக அப்பா எங்கள் வீட்டு மோட்டாரைச் சரிபார்த்துத் தருவது என்று முடிந்தது. இருவரும் தாங்களே தோற்றதாக நினைத்துக்கொண்டார்கள். நல்ல ஒப்பந்தத்துக்கு அதுதான் அடையாளம்.

புதன்கிழமை காலை அப்பா வந்தார். மாமியாரை முன்சீட்டில் உட்காரவைத்து, கதவைத் தானே சாத்தி, முண்டியம்பாக்கம் அழைத்துப் போனார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார்கள். மாமியார் கால் வீங்காமல், ஏதோ கல்யாணத்துக்குப் போய்வந்தவர் மாதிரி இறங்கினார். "சத்தமே இல்லடி வண்டி. பேசினா பேசுறது கேக்குது," என்றார் பூமாலை அக்காவிடம்.

வண்டி போர்டிகோவுக்குள் வந்தது. அதற்காகவே போட்டு வைத்திருந்த பெரிய பிளக் பாயிண்டில் அப்பா ஒயரைச் செருகினார். மறுமுனையை வண்டியில் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், நான் ஒயரைப் பார்த்தேன். பிறகு மாமியார்தான், "சுச்சியப் போட்டியாடி?" என்றார்.

சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு மினுக்கியது.

போனைத் திறந்தேன். மாடியிலிருந்து மூன்று கிலோவாட்டுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. தெருவுக்குப் போவது ஏறக்குறைய சைபர். இத்தனை நாள் வெளியே ஓடிய கரண்ட் அத்தனையும் நேராக அப்பாவின் வண்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. "அப்பா, பாரு, பாரு," என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஒரு மேகம் குறுக்கே வந்து எண் மளமளவென்று சரிந்தது. மேகம் போனதும் மறுபடி ஏறியது. பூமாலை அக்கா உட்பட நாலைந்து பேர் வாசலில் கூடி, கிரிக்கெட் பார்ப்பதுபோல் என் போனைப் பார்த்தார்கள். "மேகம் வருது, மேகம் வருது," என்று அவர்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பா ஆப்பைப் பார்க்கவில்லை. வண்டிக்குள் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சார்ஜ் ஒவ்வொரு புள்ளியாக ஏறியது. பிறகு நிமிர்ந்து மாடியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"பச்சைமுத்துங்களா? பாண்டு பேசுறேன். வெள்ளிக்கிழமை நீங்க அலைய வேணாங்க. வண்டி என்கிட்டயே இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேசினார். போனை வைத்த கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம், நான் அப்படி நினைக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. வண்டி நிரம்பும்போது மணி மூன்று ஆகிவிடும். அப்பா வழக்கப்படி தெருவைத் தாண்டிப் போய்ப் பூவரச மர நிழலில் நின்றுகொண்டார். வண்டி உள்ளே குளிர்ச்சியாக நிற்கிறது, வண்டிக்காரர் வெளியே வெந்துகொண்டு நிற்கிறார். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. எனக்கு வந்ததே கோபம். நேராக மரத்தடிக்குப் போனேன்.

"அப்பா, வண்டி குடிச்சா நீ குடிச்ச மாதிரின்னு நீதான சொன்ன? அது ரெண்டு மணி நேரமா எங்க வூட்ல குடிச்சிக்கினு இருக்குது. அப்ப நீ கை நனைச்சாச்சு. உள்ள வா."

"அது ஓசியா குடிக்கல. அதுக்குத்தான் உன் மாமியார இட்டுக்கினு போய் வந்தேனே," என்றார், அசையாமல். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. நான் போட்டுக் கொடுத்த கணக்குதானே.

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் கைத்தடியை ஊன்றி, கதவைப் பிடித்து வாசலில் நின்றார். அப்பாவைப் பார்த்து அவர் குரல் உயர்த்திப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"சம்மந்தி, ஒண்ணு கேக்குறேன். உங்க மயிலத்துப் பக்கம் மாத்தாளு வந்தவங்களுக்கு மத்தியானக் கூழு யாரு ஊத்துவாங்க?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "கொல்லைக்காரங்கதான்."

"ஊத்துனத வாணாம்னு சொன்னா?"

"சொல்ல மாட்டாங்க. அப்புறம் அவங்க மொகத்துல எப்டி முழிக்கிறது?"

"அப்ப எங்க மொகத்துல நீங்க எப்டி முழிப்பீங்க? இன்னிக்குக் காலையில எங்க கொல்லைக்குத்தான வேலைக்கு வந்தீங்க?"

அப்பா தரையைப் பார்த்தார். மரத்தை ஒருமுறை பார்த்தார், அதுவாவது ஏதாவது சொல்லுமா என்பதுபோல. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினார். செருப்பை வாசலில் கழற்றினார். குழாயில் கை கழுவினார், கால் கழுவினார். நாலு வருஷமாகக் கூடத்துக்குள் வராதவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். மாமியார் பாயைக் காலால் தள்ளி விரித்தார்.

நான் இலை போட்டேன். அவசரத்தில் சோறு பாதி இலைக்கு வெளியே விழுந்தது. சாம்பார், வாழைக்காய் வறுவல், ரசம். மேஜைமேல் போன் கிடந்தது. அன்றைக்கு எத்தனை யூனிட் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். முதல் வாயை வெகுநேரம் மென்றார். சோறு தீர்ந்ததும் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா."